வேகமாகப் பேசிய இடம்

தனராசு தன் ஆசிரியையைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நூல் மில் மூடியபின், நாற்பத்தோரு வயதில், ப்ரோகிராமிங் கற்க வந்தவர்.

ஆசிரியை நசீமாவுக்கு ஒன்பது வயதிலேயே பார்வை போய்விட்டது. ஈரோட்டில் தன் வீட்டு முன்னறையிலிருந்தே மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துவந்தார். திரையில் இருப்பதைக் கணினி குரலாகப் படித்துச் சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டே எழுதுவார்.

இரண்டு வருடம் படித்துவிட்டு, இப்போது அவர் தரும் வேலைகளைத் தனராசு செய்கிறார். கூடவே தமிழில் ப்ரோகிராமிங் சொல்லித்தரும் வீடியோக்களும் போடுகிறார். அவருடைய சேனலில் பதினோராயிரம் பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை வந்து, உட்காராமல் நின்றார்.

“உக்காருங்கண்ணா. டோக்கன் வேலை முடிஞ்சுதா?”

“இல்லீங்க மேடம்.”

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்கு டோக்கன் கொடுக்கும் ப்ரோகிராம் அது. வியாழக்கிழமை சோதனையாக ஓட்டிப் பார்த்தபோது இரண்டு தாய்மாருக்கு ஒரே எண் வந்துவிட்டது. இருபத்தேழு. ஒருத்தி உள்ளே போனாள். மற்றவளை, காய்ச்சல் குழந்தையோடு, வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள். அடுத்த வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மருத்துவமனை சொல்லியிருந்தது.

“நேரம் பத்தலீங்க,” என்றார் தனராசு. “வீடியோ போட்டா படிப்பு நின்னுபோகுது. படிக்க உக்காந்தா வீடியோ நின்னுபோகுது. ஒரு வாரம் போடலைன்னா ஜனம் மறந்துடுது. ஒரு நாளைக்கு இதுக்கு எத்தனை மணி நேரம், அதுக்கு எத்தனை மணி நேரம்னு நீங்களே பிரிச்சுக் குடுத்துடுங்க.”

நசீமா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“உங்க வீடியோவுல நெறையப் பேர் பார்த்தது எது?”

“பூட்டு போடறதைப் பத்தினதுங்க. ரெண்டு பேர் ஒரே சமயத்துல ஒரே இடத்துல கை வெச்சா ப்ரோகிராம் குழம்பிடும்ல? அப்படி ஆகாம ஒருத்தர் வேலை முடியற வரைக்கும் பூட்டி வெக்கறது.”

“போடுங்க, கேக்கலாம்.”

தனராசு ஃபோனை மேசைமேல் வைத்து ஓடவிட்டார். நசீமா அசையாமல் கேட்டார். மூன்றாவது நிமிடத்தில் விரலால் மேசையை ஒரு தட்டு தட்டினார். ஐந்தாவது நிமிடத்தில் இன்னொரு தட்டு.

ஏதோ பழக்கம் என்றுதான் தனராசு முதலில் நினைத்தார். மூன்றாவது தட்டில் அவர் முகம் மாறியது. நான்காவது தட்டில் வீடியோவை நிறுத்திவிட்டார்.

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

“எதை?”

“அந்த நாலு இடமும் வேற எங்கயோ பார்த்து எழுதினது. எனக்கே புரியாத இடம்.”

“அது எனக்குத் தெரியாதுண்ணா. அங்கெல்லாம் வேகமாப் பேசினீங்க. அதான் கேட்டுச்சு.”

தனராசு ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகவில்லை.

“அந்த வீடியோவுக்குக் கீழ ஒரு பொண்ணு கேட்டிருந்துதுங்க. ‘பூட்டை ஏன் அந்த வரியில போடறீங்க, இன்னும் மேல போட்டா என்ன’ன்னு. பதில் தெரியலை. கேள்வியை அழிச்சுட்டேன்.”

“பேர் என்ன?”

“மறந்துபோச்சுன்னு சொல்லத்தான் வாய் வருது. மறக்கலீங்க. தீபலட்சுமி.”

“டோக்கனைப் பாருங்கண்ணா,” என்றார் நசீமா.

தனராசுவின் மனைவி மஸ்கட்டில் நர்ஸ். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இருவரும் ஒரே வருடத்தில்தான் கிளம்பிப் போனார்கள். அந்த வருடம்தான் அவர் முதல் வீடியோவைப் போட்டார்.

அன்று வீடு திரும்பியதும் கேமரா ஸ்டாண்டை மடக்கிப் பரண்மேல் வைத்தார். ஞாயிறு முழுக்கக் கணினி முன் உட்கார்ந்தார். ஃப்ரிட்ஜ் ஓடுவதும் நிற்பதும் கேட்டது. திங்கள்கிழமை தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் “எத்தனை கேனுங்க?” என்று கேட்டபோது தனராசுவுக்குக் குரல் கட்டியிருந்தது. முந்தின நாள் முழுக்க வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

செவ்வாய் மதியம் பொறுக்க முடியவில்லை. ஸ்டாண்டை இறக்கி, விளக்கைப் போட்டு, “வணக்கம் நண்பர்களே” என்றார். சொன்னதும் நெஞ்சு லேசானது. நாலைந்து நிமிடம் நன்றாகவே பேசினார். பூட்டுப் போடும் வரி வந்தது. தன் குரல் ஓடுவது இந்த முறை அவருக்கே கேட்டது. பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்க அங்கே யாருமில்லை. கேமராவின் சிவப்புப் புள்ளி மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

புதன் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நசீமா வீட்டுக்கு வந்துவிட்டார்.

“நேரம் பத்தலைன்னு சொன்னேன்ல மேடம், அது பொய்யிங்க. நேரம் நெறைய இருக்குது. நாள் முழுக்க இருக்குது. கேமராவைப் பார்த்துப் பேசினாத்தான் அந்த வீட்ல ஒரு ஆள் சத்தம். வாயை மூடிட்டு உக்கார முடியலீங்க.”

நசீமாவின் கணினி மூச்சுவிடாமல் எதையோ படித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். குரல் நின்றது. அறை சட்டென்று பெரிதானதுபோல் இருந்தது.

“ஏனுங்க நிறுத்திட்டீங்க?”

“எனக்கும் இங்க ஒரு இடம் ரெண்டு நாளாப் புரியலை. இது பேசிட்டிருந்தா புரியறதில்லை. அந்தச் சேர்ல உக்காருங்கண்ணா.”

இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. தனராசு இரண்டு முறை வாயெடுத்து, நசீமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினார். பிறகு ஒரு தாளை எடுத்து, டோக்கன் கொடுக்கும் இரண்டு ஜன்னல்களை வரைந்தார். முதல் ஜன்னல் கடைசி எண்ணைப் பார்க்கிறது: இருபத்தாறு. அதே கணம் இரண்டாவது ஜன்னலும் பார்க்கிறது: இருபத்தாறு. அடுத்து, பூட்டு.

பென்சில் நின்றது.

“ரெண்டு பேரும் எண்ணைப் பார்த்ததுக்கப்புறம்தான் நான் பூட்டறேன்,” என்றார், ஒவ்வொரு சொல்லாக. “அப்ப ரெண்டு பேரும் இருபத்தேழுதான் குடுப்பாங்க. பார்க்கறதுக்கு முன்னாடியே பூட்டணும். அந்தப் பொண்ணு கேட்டது இதைத்தானுங்க.”

“மறுபடி சொல்லுங்க.”

மறுபடி சொன்னார். முன்னைவிட மெதுவாக வந்தது.

லேப்டாப்பில் பூட்டுப் போடும் வரியை மூன்று வரி மேலே தூக்கி வைத்தார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் நூற்று நாற்பது டோக்கன் போனது. எந்த எண்ணும் இரண்டு முறை வரவில்லை. வேலை நசீமாவிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் அதைச் சொல்ல வந்த தனராசு, சொல்லி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

“இங்க நீங்க இருந்தீங்க, உக்காந்துட்டேன். நாளைக்கும் அந்த வீட்லதானுங்க நான் உக்காரணும். அவ்வளவு அமைதி எனக்குப் பயமா இருக்குது. உங்களுக்கு இருக்காதுங்களா?”

“இருக்கும்.”

“என்ன பண்ணுவீங்க?”

“புரியற வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பேன். புரிஞ்சதும் யார்கிட்டயாவது சொல்லணும்போல இருக்கும். அப்பப் போய்ச் சொல்லுவேன்.”

தனராசு வாசலைப் பார்த்தார்.

“அந்த நேரத்துல யாருமே இல்லைன்னா என்னங்க பண்றது?”

“உங்ககிட்டதான் கேமரா இருக்குதேண்ணா,” என்றார் நசீமா.