வெள்ளைப் பெட்டியும் சிவப்புக் கொடியும்

உப்பளங்களுக்கு நடுவே இருந்த அந்த மடத்தில் சாமி சிலை கிடையாது. முற்றத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி நான்கு காலில் நின்றது. பக்கமெல்லாம் காற்றுப் போகும்படி மரச்சட்டம். உள்ளே ஒரு வெப்பமானி.

அரசாங்கம் எப்போதோ வைத்துவிட்டுப் போன பெட்டி அது. தினமும் உச்சிவேளையில் திறந்து பார்த்து எழுத வேண்டும். மாதம் முடிந்ததும் சராசரி போட்டு நகரத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மற்ற மடங்களில் அந்த நேரத்துக்கு மணி அடிப்பார்கள், இங்கே டிகிரி எழுதினார்கள்.

அந்த எண்ணுக்கு வேறொரு வேலையும் இருந்தது. முந்தின கோடையில் அளத்தில் ஒருத்தி சுருண்டு விழுந்து செத்தாள். அதன் பிறகு ஒரு பேச்சு முடிவானது. பெட்டிக்குள் நாற்பதைத் தொட்டால் மடத்துக் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறும். கொடி ஏறினால் வெயில் தாழும் வரை யாரும் உப்பு வாரக் கூடாது. அளத்து முதலாளியும் ஒத்துக்கொண்டார், வேலையாட்களும் ஒத்துக்கொண்டார்கள். மடத்தில் பொய் சொல்ல மாட்டார்கள் என்று இரண்டு தரப்பும் நம்பியது.

மடத்துத் தலைவி உலகம்மை. வயது நாற்பதுக்குள் இருக்கும். சீடர் கோமதிநாயகம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூட. குரு அவரை வாத்தியாரே என்பார், அவர் குருவை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

பங்குனிக் கடைசியில் உலகம்மை வடக்கே யாத்திரை கிளம்பினார்.

“பெட்டியப் பாத்துக்கிடுங்க, வாத்தியாரே. சுத்தமா இருக்கட்டும்.”

“கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுதேன், அம்மா.”

பார்த்துக்கொண்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

அளத்துக் காற்றில் உப்புத் தூசி பறந்து வரும். காலையில் துடைத்த சட்டம் மதியத்துக்குள் மங்கிவிடும். குரு ஒப்படைத்த பெட்டி இப்படி அழுக்காக நிற்பதா என்று கோமதிநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. உச்சிவேளைக்குச் சற்று முன்னால் திருநீறு பூசிக்கொண்டு இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவருவார். ஒரு குடத்தால் பெட்டியை மேலிருந்து கீழே கழுவுவார். இன்னொரு குடத்தைச் சுற்றிலும் ஊற்றுவார். கும்பிடுவார். அதன் பிறகுதான் கதவைத் திறந்து எண்ணைப் பார்ப்பார்.

அந்த ஊரில் நல்ல தண்ணீர் லாரியில்தான் வரும். மனுஷன் தான் குளிக்கிற தண்ணீரைக் குறைத்துக்கொண்டு பெட்டியைக் குளிப்பாட்டினார். அந்த பக்தியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொஞ்ச நாளில் பெட்டியைச் சுற்றிப் புல் முளைத்தது. சுற்றுவட்டாரத்திலேயே பச்சை என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

ஏப்ரல் முடிந்ததும் சராசரி போட்டார். பழைய ஏப்ரல்களைப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் ஏறிக்கொண்டே வந்தது, இந்த வருஷம் இறங்கியிருந்தது. அம்மாவின் யாத்திரைப் பலன் என்று நினைத்துக்கொண்டார். கணக்கை இரண்டு முறை சரிபார்த்தார். கூட்டல் சரி, வகுத்தல் சரி. சந்தோஷமாக அனுப்பினார்.

மே பிறந்தது. அளத்தில் ஆட்கள் மயங்க ஆரம்பித்தார்கள். கொடி ஏறவில்லை.

பலவேசம் என்கிற வேலையாள் தண்ணீர் குடிக்க மடத்துக்கு வருவான். குடித்துவிட்டுப் பெட்டிப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்பான்.

“இந்தப் புல்லப் பாத்தாலே பாதித் தாகம் போயிருது, சாமி.”

“நின்னுட்டுப் போப்பா. யாரு கேக்கப் போறா?”

ஒருநாள் மதியம் அவனுடைய மனைவி சந்தனமாரி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கால் முட்டி வரை உப்பு பூத்திருந்தது.

“சாமி, கொடி ஏறலையா?”

“முப்பத்தொம்பதரை, தாயி. இப்பத்தான் பாத்தேன்.”

“எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டாரு. உக்காருன்னா கேக்க மாட்டேங்காரு. கொடி ஏறாம உக்காந்தா நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிருவாங்களாம்.”

“நான் என்ன செய்யட்டும்?”

“அரை டிகிரிதான சாமி. அவருக்காகக் கொஞ்சம் தூக்கி எழுதுங்க.”

கோமதிநாயகம் பெட்டியைத் திறந்து இன்னொரு முறை பார்த்தார். அதே முப்பத்தொன்பதரைதான்.

“இன்னைக்கு நான் பொய் சொன்னா நாளைக்கு இந்தக் கொடிய எவனும் மதிக்க மாட்டான், தாயி. அப்புறம் ஐம்பது அடிச்சாலும் வேலை நிக்காது. உங்க எல்லாருக்கும் இருக்குறது இந்த ஒரு கொடிதான்.”

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் உச்சிவேளைக்குப் பெட்டி முப்பத்தொன்பதேகால் காட்டியது. அந்த எண்ணின் மை காய்வதற்குள் அளத்தில் கூச்சல் கேட்டது. பலவேசம் உப்புப் பாத்திக்குள் முகம் குப்புற விழுந்து கிடந்தான். தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

கோமதிநாயகம் சுடுகாடு வரை போனார். அவரிடம் யாரும் கோபமாகப் பேசவில்லை. வாத்தியார் என்ன செய்வார், பெட்டி காட்டியதைத்தானே சொன்னார் என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து உலகம்மை திரும்பி வந்தார். மூட்டையை இறக்குவதற்கு முன் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். கயிற்று முடிச்சில் உப்புப் படிந்து இறுகியிருந்தது. பிறகு பெட்டியைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார். புல்லை வெகுநேரம் பார்த்தார்.

சீடர் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது அழுதார்.

“பொய் சொல்லியிருந்தா ஒரு உசிரு நின்னிருக்கும். உண்மையச் சொன்னேன், போயிருச்சு. எதும்மா சரி?”

“நாளைக்கு உச்சிவேளைக்குச் சொல்லுதேன். நீங்க எப்பவும் செய்யுறதச் செய்யுங்க.”

மறுநாள் திருநீறு பூசிக்கொண்டு இரண்டு குடத்தோடு வந்தார் கோமதிநாயகம். முதல் குடத்தைத் தூக்கும்போது உலகம்மை கையைப் பிடித்தார்.

“இது எதுக்கு?”

“நீங்கதானம்மா சுத்தமா வைக்கச் சொன்னீங்க.”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

குடம் இரண்டையும் வாங்கி வெளியே கொண்டுபோய், அளத்துக்குப் போகிற பாதையில் வைத்தார். போகிறவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். உலகம்மை திரும்பி வந்து பெட்டிப் பக்கத்தில் நின்றார். உச்சிவேளை ஆயிற்று.

“இப்பத் திறங்க.”

திறந்தார். நாற்பத்தொன்று.

“இன்னைக்கு வெயில் கூட போலிருக்கும்மா.”

உலகம்மை உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“கதவச் சாத்திட்டுச் சட்டத்துல ஊத்துங்க.”

ஊற்றினார். இருவரும் வெயிலில் நின்றார்கள். காற்று வீசியது, ஈரச் சட்டத்தின் வழியாக உள்ளே போனது.

“திறங்க.”

பாதரசம் நாற்பதுக்குக் கீழே நின்றது.

கோமதிநாயகம் செம்பைக் கீழே வைத்தார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனுஷன். ஈரத் துணி சுற்றிய பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எழுந்திரிங்க. மொதல்ல பாத்தது நாப்பத்தொண்ணு. கொடிய ஏத்துங்க.”

முடிச்சு அவிழ மறுத்தது. பல்லால் கடித்து இழுத்தார். அந்தக் கோடையில் முதல் தடவையாகக் கொடி ஏறியது. அளத்தில் உப்பு வாரும் பலகைகள் கீழே விழுந்தன. ஆட்கள் நிழல் தேடி நடந்தார்கள்.

கொடியைப் பார்த்துவிட்டுச் சந்தனமாரி வந்தாள். துக்க வீட்டிலிருந்து எழுந்து வந்தவள், வாசலைத் தாண்டவில்லை.

“இன்னைக்கு மட்டும் எப்படிச் சாமி ஏறுச்சு?”

கோமதிநாயகம் குருவைப் பார்த்தார்.

“உங்களத்தான் கேக்கா.”

சொன்னார். குடத்தைச் சொன்னார், கழுவியதைச் சொன்னார், காற்றைச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவருடைய குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

சந்தனமாரி முழுவதும் கேட்டாள்.

“அப்ப அன்னைக்கு நான் பொய் சொல்லச் சொல்லலையா, சாமி?”

“இல்ல, தாயி. நீதான் உண்மையச் சொன்ன.”

அவள் புல்லைப் பார்த்தாள்.

“இதப் பத்தி வீட்டுக்கு வந்து பேசுவாரு. அங்க நின்னா குளுகுளுன்னு இருக்குன்னு.”

திரும்பிப் போனாள். திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அவர் அதற்காகக் காத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

அன்று முதல் கொடி அநேகமாகத் தினமும் ஏறியது. புல் ஒரு வாரத்தில் காய்ந்து மண்ணோடு போனது. கோமதிநாயகம் சரியாகச் சாப்பிடவில்லை. குரு சாப்பிடச் சொல்லவும் இல்லை.

மே முடிந்தது. நகரத்துக்கு அனுப்ப வேண்டிய தாளை எடுத்துக்கொண்டு குருவின் முன்னால் உட்கார்ந்தார்.

“அம்மா, நான் கழுவின நாளுக்கெல்லாம் ரெண்டு டிகிரி கூட்டிரவா? தோராயமாச் சரியா வரும்.”

“அன்னைக்கு உங்க கண்ணு பாத்தது அதையா?”

“இல்ல.”

“அப்பக் கூட்டாதீங்க.”

“அடிச்சுட்டு வெறும் கட்டமா விட்டுரவா?”

“அன்னைக்கு நீங்க பாக்காம இருந்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்ப அடிக்காதீங்க.”

கோமதிநாயகம் தாளைத் தரையில் வைத்தார்.

“இத இப்படியே அனுப்புனா, இந்த மே மாசம் இங்க குளிர்ச்சியா இருந்துச்சுன்னு ஆகிருமே அம்மா. அங்க வச்சுப் படிக்கிறவனுக்கு இங்க ஒருத்தன் வெயில்ல செத்தான்னு எப்படித் தெரியும்? நான் என்னதான் எழுத?”

உலகம்மை தாளை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

“எழுதுனத எழுதுனபடியே அனுப்புங்க, வாத்தியாரே. அடியில குறிப்புன்னு ஒரு இடம் விட்டிருக்காங்கல்ல, அதுல படிக்கிறவன் தண்ணி ஏதுன்னு கேக்குற மாதிரி ஒரு வரி சேருங்க. இந்த மாசம் பெட்டியச் சுத்திப் புல்லு பச்சையா இருந்துச்சுன்னு.”