ஆட்காட்டி அலறத் தொடங்கிய காலை

அந்தக் காலத்தில் பறவை பேசினால் மனிதனுக்குப் புரியும். மனிதன் பேசினால் பறவைக்கும் புரியும். ஏரிக்கரையில் நாம் கால் வைத்ததும் அலறிக்கொண்டு எழும்புகிறதே ஆட்காட்டிக் குருவி, அதற்கு அப்போது அந்தப் பெயரும் இல்லை, அந்த அலறலும் இல்லை. தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களைப் போலத் தணிந்த குரல் அதற்கு. எல்லோரும் அதை வழிகாட்டி என்று கூப்பிட்டார்கள்.

அது இருந்தது ஒரு பெரிய ஏரியின் நடுவில், நடுத்திட்டு என்ற தீவில். அறுப்பு முடிந்து ஊர் ஓய்ந்திருக்கும் நாட்களில் சுற்றுப்பட்டு கிராமத்து ஜனங்கள் திட்டைப் பார்க்க வருவார்கள். எல்லப்பன் என்ற ஓடக்காரர் அவர்களை ஏற்றிக்கொண்டு, மூங்கில் கழியை ஊன்றி ஊன்றி ஓடத்தைத் தள்ளி வருவார். பாதி ஏரி தாண்டும்போது வழிகாட்டி பறந்து வந்து ஓடத்தின் முனையில் நின்றுகொள்ளும்.

"தண்ணிக்கு மேல கழுத்து மட்டும் நீண்டுக்கிட்டு தெரியுதே, அது பாம்பு இல்லீங்க, பயப்படாதீங்க. பாம்புத்தாரா. உடம்பைத் தண்ணிக்குள்ள ஒளிச்சுக்கிட்டு நம்மளை வேடிக்கை பாக்குது."

"நாம அதைப் பாக்க வந்தா, அது நம்மளைப் பாக்குதா?" என்பார் எல்லப்பன். ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்வார். ஒவ்வொரு முறையும் ஓடத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

திட்டில் இறங்கியதும் நடை. மஞ்சள் கால்களை எட்டி எட்டி வைத்து வழிகாட்டி முன்னால் போகும், ஜனங்கள் வரிசையாகப் பின்னால். நீர்மருத மரத்தின் வழவழப்பான பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லும். நீர்நாய் மீன் தின்று போட்ட செதிலைக் காட்டும். நண்டு வளையருகே எல்லோரையும் மூச்சடக்கி நிற்க வைத்து, நண்டு எட்டிப் பார்க்கும்வரை காத்திருக்கச் சொல்லும். கடைசியில் ஒரு தாழம்புதர் வரும். அங்கே நின்று, "இதுக்கு மேல வழி இல்லீங்க" என்று திருப்பிக் கூட்டி வந்துவிடும்.

வழி இருந்தது. புதருக்கு அப்பால் ஒரு மணல்மேடு. அந்தக் காலத்தில் எந்தப் பறவையும் மரத்தில் கூடு கட்டியதில்லை. நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், மடையான் எல்லாம் அந்த மணலில்தான் பக்கத்தில் பக்கத்தில் முட்டையிட்டன. காலையில் அவை மீன் தேடிப் பறந்து போகும். வழிகாட்டிக்குக் கரையோரத்துப் புழுபூச்சியே போதும் என்பதால் அது மட்டும் திட்டில் தங்கி முட்டைகளைப் பார்த்துக்கொள்ளும்.

"ஜனங்களுக்கு எதை வேணும்னாலும் காட்டு. இதை மட்டும் காட்டாதே" என்று நாரை கேட்டுக்கொண்டிருந்தது. வழிகாட்டியும் அப்படியே நடந்துவந்தது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. அறுக்க ஒன்றும் இல்லை. ஏரியும் சுருங்கிவிட்டது. ஓடத்தில் வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அப்படி வந்த சிலரில் ஒருத்தி பூங்காவனம். அவளுடைய பிள்ளை காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தது. வீட்டிலேயே சுருண்டு கிடந்தவளை, நாலு இடம் பார்த்தால் மனசு மாறும் என்று அவள் அண்ணன் கன்னியப்பன்தான் அக்கம்பக்கத்துப் பெண்களோடு அனுப்பியிருந்தான்.

அவள் பாம்புத்தாராவைப் பார்க்கவில்லை. எல்லப்பன் சொன்னதற்குச் சிரிக்கவில்லை. நண்டு வளையருகே எல்லோரும் மூச்சடக்கி நின்றபோது, அவள் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். தாழம்புதர் வந்ததும் மற்றப் பெண்கள் கொண்டுவந்த கூழைக் குடிக்க மரத்தடிக்குத் திரும்பிவிட்டார்கள். பூங்காவனம் புதரோரமாகவே உட்கார்ந்துவிட்டாள்.

வழிகாட்டி அவளருகே போய் நின்றது.

"நீ போய்க் குடிக்கலையாம்மா?"

"எறங்கல."

"கால் வலிக்குதா?"

அவள் அதை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "என் புள்ள நடக்கவே இல்ல" என்றாள். "செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கப் பழகினான். இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தா நடந்திருப்பான்."

  அன்று காலைதான் வழிகாட்டியின் முட்டைகள் பொரியத் தொடங்கியிருந்தன. காலையிலிருந்து அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் அடக்கிவைத்திருந்தது. அது தலையைத் திருப்பி, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டது.

"என் பின்னாலேயே வா. நான் மிதிச்ச எடத்தை மட்டும் மிதி."

தாழம்புதரைக் கடந்ததும் பூங்காவனம் அப்படியே நின்றுவிட்டாள். மணல் தெரியாமல் முட்டைகள். வெள்ளையும் வெளிர்நீலமும், புள்ளி போட்டதும் போடாததுமாக. வழிகாட்டி அவளை ஓரமாகக் கூட்டிப் போனது. அங்கே கூழாங்கற்களுக்கு நடுவே கடைசி முட்டை ஓட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு குஞ்சு வெளியே வந்தது. ஈரம் காய்ந்து, பஞ்சு பஞ்சாக ஆனதும் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து, குச்சிக் காலை வைத்து அவள் பக்கமாக நடந்தது.

"பொறந்ததும் நடக்குதே!" என்றாள் பூங்காவனம். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குஞ்சு அவள் கட்டைவிரல்வரை வந்து திரும்பிப் போனது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

திரும்பும்போது ஓடத்தில் அவள் பக்கத்துப் பெண்ணிடம் கொஞ்சம் கூழ் கேட்டு வாங்கிக் குடித்தாள். அதைப் பார்த்த வழிகாட்டி, அன்று முழுவதும் தரையில் கால் பாவாமல் திரிந்தது.

அடுத்த ஓடத்தில் கன்னியப்பன் வந்தான். வழிகாட்டியைக் கண்டதும் கை கூப்பினான்.

"எங்க பூங்காவனம் வீட்டுக்கு வந்து, பசிக்குதுண்ணா, எதாவது குடுன்னா. ஊட்டினாலும் வாய் தெறக்காம கெடந்தவ. அவ பாத்ததை நானும் ஒரு தரம் பாக்கணும்."

வழிகாட்டி தயங்கியது. ஆனால் அவன் முகத்தில் பூங்காவனத்தின் சாடை இருந்தது. ஒருத்திக்குக் காட்டியாயிற்று, அவள் அண்ணன்தானே என்று அவனையும் கூட்டிப்போனது.

கன்னியப்பன் மணல்மேட்டை நெடுநேரம் பார்த்தான். "இவ்வளவா!" என்றான். வழிகாட்டி அதை வியப்பென்று நினைத்தது. பசித்தவன் சொன்ன சொல் என்று அதற்குத் தோன்றவில்லை.

ஏரி மேலும் வற்றியது. பக்கத்தில் மீன் இல்லாததால் பறவைகள் விடிந்ததும் எதிர்க்கரைக்கும் அதைத் தாண்டியும் போக வேண்டியிருந்தது. அப்படி அவை போயிருந்த ஒரு காலையில், வாழைமரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம் ஒன்று திட்டை நோக்கி வந்தது. எல்லப்பன் அதில் இல்லை. கூடைகளோடு ஆட்கள் இருந்தார்கள்.

வழிகாட்டி கரையில் நின்று பார்த்தது. கூப்பிட வேண்டும் என்று அதற்குத் தோன்றியது. வாயையும் திறந்தது. அப்போது தெப்பத்தின் முன்னால் இருந்தவன் கையைத் தூக்கி, "நான்தான், கன்னியப்பன்!" என்றான். தெரிந்த முகம். வழிகாட்டி வாயை மூடிக்கொண்டது.

அவர்கள் இறங்கி நேராகத் தாழம்புதரை நோக்கி நடந்தபோதுதான் அதற்கு விஷயம் புரிந்தது. ஓடிப்போய்க் கன்னியப்பன் முன்னால் நின்றது.

"என்னங்க இது, கூடையோட வர்றீங்க?"

கன்னியப்பன் அதன் கண்ணைப் பார்க்கவில்லை. "வீட்ல புள்ளைங்க பட்டினி கெடக்குது. கொஞ்சம்தான் எடுத்துக்குவோம். வழிவிடு."

"வேணாங்க. அதெல்லாம் என்னுது இல்லீங்க. என்னை நம்பி வெச்சுட்டுப் போயிருக்காங்க."

அவன் சுற்றிக்கொண்டு போனான். வழிகாட்டி எதிர்க்கரையைப் பார்த்துக் கூப்பிட்டது. ஆனால் பிறந்ததிலிருந்து மெல்லப் பேசியே பழகிய தொண்டை. அந்தக் குரல் தண்ணீரின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம்தான் எடுத்தார்கள். ஆட்கள் நிறையப் பேர். தெப்பம் போனபோது மணலில் உடைந்த ஓடும் கால்தடமும்தான் மிச்சம்.

வழிகாட்டியின் குஞ்சுகள் கூழாங்கற்களோடு கல்லாகப் பதுங்கிக் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அவை மட்டும் எழுந்து வந்து தாயின் வயிற்றுக்குக் கீழே புகுந்துகொண்டன.

வெயில் ஏறியபின் பறவைகள் திரும்பின. நாரைதான் முதலில் இறங்கியது.

"நீ எங்க போயிருந்தே?" என்று கேட்டது.

"எங்கயும் போகல. இங்கதான் இருந்தேன்."

"வந்தவங்களைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பவே ஏன் கூப்பிடல?"

"தெரிஞ்சவங்கதானேன்னு..." என்றது வழிகாட்டி. 

நாரை வழிகாட்டியின் வயிற்றுக்குக் கீழே அசையும் குஞ்சுகளைப் பார்த்தது. பிறகு தன் முட்டைகள் இருந்த பள்ளத்தைப் பார்த்தது.  எந்தப் பறவையும் வழிகாட்டியைத் திட்டவில்லை, கொத்தவில்லை. திட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருக்கலாம். கூழைக்கடா மணலைக் கொஞ்ச நேரம் அலகால் கிளறிவிட்டு நிறுத்திக்கொண்டது.

அன்று சாயங்காலமே பறவைகள் மரம் ஏறின. சுள்ளி பொறுக்கி, எட்டாத உச்சியில், தண்ணீருக்கு மேல் நீண்ட கிளையில் கூடு கட்டத் தொடங்கின. மனிதரோடு பேசுவதையும் விட்டுவிட்டன. வழிகாட்டியை யாரும் வராதே என்று சொல்லவில்லை. அதற்குத்தான் ஏறிப்போக முகமில்லை. காலியான மணலிலேயே குஞ்சுகளோடு தங்கிவிட்டது. இரவும் பகலும் அழுததில் கண்ணோரம் சிவந்து தடித்து, அது ஆறவே இல்லை.

எல்லப்பன் ஒருநாள் பாதி ஏரிவரை வந்து, கழியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். "வழிகாட்டீ..." என்று கூப்பிட்டுப் பார்த்தார். முனைக்கு எதுவும் பறந்து வரவில்லை. அவர் திரும்பிப்போய் ஓடத்தைக் கரையில் கவிழ்த்து வைத்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் பூங்காவனம் வந்தாள். ஓடம் இல்லாததால் மார்பளவுத் தண்ணீரில் சேலை நனைய நடந்தே வந்தாள். கரைக்கு வரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, நான்தான் வந்திருக்கேன். எங்கண்ணன் எலையில முட்டை வெச்சான்க்கா. சாப்பிடு, தேறிடுவேன்னான். நானும் சாப்பிட்டேன். எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கவே இல்ல. நேத்துதான் தெரிஞ்சுது. சந்தோஷத்துல நான்தான்க்கா வீட்ல எல்லாத்தையும் சொன்னேன். இவ்ளோ நடக்கும்னு நெனைக்கல."

வழிகாட்டி அவளைப் பார்த்தது. முன்பைவிடத் தேறியிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அவள்மேல் அதற்குக் கோபம் வரவில்லை. இவள் பொய் சொல்லமாட்டாள் என்றும் தெரியும். ஓடிப்போய் அவள் காலடியில் நிற்க வேண்டும் என்றிருந்தது.

பூங்காவனம் தண்ணீரிலிருந்து கரையில் கால் வைத்தாள். வழிகாட்டியின் பின்னால் குஞ்சுகள் கல்லோடு கல்லாகப் பதுங்கின.

அப்போது வழிகாட்டியின் தொண்டை கிழிந்துகொண்டு ஒரு சத்தம் வந்தது. "ஆளு! ஆளு வருது! ஆளு வருது!" அன்றைக்கு வராத குரல் அது. மேலே எழும்பி, அவள் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்து அலறியது. எதிர்க்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த நாரைகள்கூடத் தலை தூக்கிப் பார்த்தன.

"நான்தான்க்கா, பூங்காவனம்! என்னைத் தெரியலையா?"

தெரிந்தது. தெரிந்துதான் அலறியது. அலற அலற வார்த்தை உடைந்து, ஆள் என்பதும் வருது என்பதும் தேய்ந்து, வெறும் சத்தமாகிவிட்டது. அதன்பிறகு அதற்குப் பேச்சு திரும்பவே இல்லை.

பூங்காவனம் வைத்த காலை எடுத்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கி நடந்தாள். அவள் ஊர்ப்பக்கக் கரை ஏறி மறையும்வரை அந்தப் பறவை அவள் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு போனது.

இன்றும் அது மட்டும் மரத்தில் உட்காராமல் வெறும் தரையில் கூழாங்கல் நடுவே முட்டையிடுகிறது. அந்தக் காலை முதல்தான், யார் வந்தாலும், தெரிந்த முகமானாலும், எழும்பி அலறுகிறது. நாமும் அதை ஆட்காட்டி என்கிறோம்.