துணி கட்டிய பீர்க்கங்காய்

முன்னொரு காலத்தில் கருவாற்று நாட்டை வேங்கைராயன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிடச் சாப்பிட்டான் என்று சொன்னால் பொருத்தம். காலையில் கீரை மசியலைத் தேவாமிர்தம் என்பான், மாலையில் அதே கீரையைக் கண்டு, "என்னை ஆடு என்று நினைத்தீர்களா?" என்பான்.

அவனுக்கு வடிவாள் என்றொரு அமைச்சர். பெண் அமைச்சரா என்று புருவத்தைத் தூக்குகிறவர்கள் தூக்கிக்கொண்டே கேளுங்கள்.

தலைநகரில் வீட்டுக்கு வீடு கொல்லையில் தோட்டம் உண்டு, வடிவாள் வீடு உட்பட. ஆடியில் விதைத்தால் ஐப்பசியில் பீர்க்கும் புடலையும் தொங்கும். மார்கழியில் அவரை, பங்குனி பிறந்தால் மல்லிகை, இருமல் வந்தால் பறிக்கத் தூதுவளையும் கற்பூரவல்லியும். விளைந்ததில் ஒரு கூடை அரண்மனைக்கும் போகும்.

அரண்மனைத் தோட்டத்துக்கு அதிகாரி மாணிக்கநம்பி. தோட்டத்தை அவர் மாடத்தில் நின்றுதான் பார்ப்பார். இறங்கினால் செருப்பில் மண் ஒட்டிவிடுமாம். ஒருநாள் ராஜா சாப்பிட்டபடியே, "நம்பி, உம்முடைய பீர்க்கங்காய் சப்பென்று இருக்கிறது. அமைச்சர் வீட்டுக் காய்தான் காய்," என்றான். போதாதா? நம்பிக்குத் தூக்கம் போயிற்று.

மார்கழியில் ஒரு காலை, அமைச்சர் வீட்டு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார் நம்பி. கொடி காய்த்து ஓய்ந்திருந்தது. ஒரே ஒரு பெரிய காய் மட்டும், காம்பில் சிவப்புத் துணி கட்டித் தொங்கியது. அடுத்த வீட்டிலும் அப்படி ஒன்று. அதற்கடுத்த வீட்டிலும். பச்சை மாறிப் பழுப்பேறியிருந்ததைப் பார்த்ததும் அவருக்கு எச்சில் ஊறியது. மாங்காய் கனிந்தால் இனிக்கிறது, பீர்க்கங்காய் மட்டும் என்னவாம்?

நேரே சபைக்குப் போனார்.

"மன்னா, தங்களுக்கு வருவதெல்லாம் கழிசல். முதல் தரத்தைத் துணி கட்டிக் கனியவைத்து இவர்களே தின்கிறார்கள். அமைச்சர் வீட்டிலேயே ஒன்று தொங்குகிறது."

ராஜாவின் முகம் சிவந்தது. "உண்மையா, அமைச்சரே?"

"துணி கட்டியது உண்மை மன்னா. அது விதைக்கு விட்ட காய். துணி கட்டியதை வீட்டுக் குழந்தைகூடத் தொடாது."

"விதைக்குச் சூம்பல் காய் போதாதா?" என்றார் நம்பி. "எதற்கு இருப்பதிலேயே பெரியது?"

"சூம்பலை விதைத்தால் சூம்பல்தான் காய்க்கும். விதைக்காயையும் பறித்து விருந்துக்கு அனுப்பிய தோட்டம் எது, அதில் என்ன காய்க்கிறது என்று சபைக்கே தெரியும்."

சபை சிரித்தது. அதுதான் வினையாயிற்று. யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைக்கும் ராஜா அவன்.

"போதும். ஊரில் துணி கட்டிய காய் அத்தனையும் நாளை என் இலைக்கு வரவேண்டும். கொல்லைத் தோட்டங்கள் இனி நம்பியின் பொறுப்பு."

விதை போனால் ஆடியில் ஊரே வெறும் மண்ணைக் கிளறவேண்டியதுதான். வடிவாளின் நாக்கு நுனிவரை நாலு கேள்வி வந்தது. நியாயமான கேள்விகள். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "ஆகட்டும் மன்னா," என்றார். "ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்தால் எத்தனையைத் தாங்கள் சாப்பிட முடியும்? முதலில் என் வீட்டுக் காயைச் சமைப்போம். கண்டுபிடித்தவர் நம்பி, முதல் கவளம் அவருக்கே. அவர் நன்றாயிருக்கிறது என்று சொல்லி, தாங்களும் ருசித்துத் தலையாட்டினால் மீதியைப் பறியுங்கள். என் பதவியையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

"ராஜாவுக்கு முன்னால் எனக்கா?" என்று நம்பி நெளிந்தார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காயை வடிவாளே சமையற்கட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். சமையற்காரர் தொட்டுப் பார்த்துவிட்டுத் திகைத்தார். "அம்மா, இதையா?"

"தாளிப்பில் குறை வைக்காதீர்கள்," என்றார் வடிவாள்.

சபை நடுவே இலை போட்டார்கள். நம்பி ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றார். மறுபடி மென்றார். மென்றுகொண்டே இருந்தார். உதட்டோரம் ஒரு நார் எட்டிப் பார்த்தது.

"எப்படி?" என்றான் ராஜா.

நன்றாயில்லை என்றால் நேற்றுச் சொன்னது பொய்யாகிவிடும். "அமிர்தம்," என்றார் நம்பி.

"கண்ணில் நீர் வருகிறதே?"

"ஆனந்தம் மன்னா."

"அப்படியானால் எனக்கும் வையுங்கள்."

ராஜாவின் தொண்டையில் நார் சிக்கினால் நம்பியின் கழுத்தல்லவா போகும்? கவளம் வாயருகே போனபோது, "வேண்டாம் மன்னா," என்று கையைப் பிடித்தே விட்டார். வாயிலிருந்ததைத் துப்பினார். பந்தாகச் சுருண்டு விழுந்தது.

ராஜா தன் கவளத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தான். இழுக்க இழுக்க வந்தது. "இது என் குளியலறையில் தொங்குவதல்லவா? முதுகு தேய்ப்பது?"

"அதேதான் மன்னா," என்றார் வடிவாள். "முற்றினால் நார், நாருக்குள் விதை. இதைத்தான் ஊரே தங்களிடமிருந்து ஒளித்துத் தின்கிறதாம்."

முதலில் சிரித்தவன் ராஜாதான். அப்புறம்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.

"நல்லவேளை, மீதிக் காயெல்லாம் கொடியிலேயே இருக்கிறது," என்றவன் சட்டென்று நிறுத்தினான். "உம்முடைய விதை போயிற்றே, அமைச்சரே."

வடிவாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கறுகறுவென்று விதைகள். "சமையற்கட்டுக்கு நாரைத்தான் கொடுத்தேன் மன்னா."

துணி கட்டிய காயை ராஜாவே ஆனாலும் தொடக்கூடாது என்று அன்றே பறை அறைந்தார்கள். கொல்லைகளில் பெண்கள் தலையில் வைத்திருந்த கையை எடுத்தார்கள். நம்பிக்கு என்ன தண்டனை? இனி மாடத்திலிருந்து பார்ப்பதில்லை. வெறுங்காலோடு அவரே தோட்டத்தில் இறங்கி வேலை செய்யவேண்டும்.

ஆடி பிறந்தது. வடிவாள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினார் நம்பி. காலெல்லாம் சேறு.

"அரண்மனையில் விதை இல்லை, அமைச்சரே."

ஒரு பிடி விதையை நீட்டிய கை பாதியில் நின்றது. "முதல் காய்க்குத் துணி கட்டுவீர்களா, ஆனந்தக் கண்ணீர் விடுவீர்களா?"

நம்பி தோளிலிருந்த பட்டு அங்கவஸ்திரத்தை விரித்துக் காட்டினார். அதன் சிவப்புக் கரை ஒன்றை ஏற்கெனவே கிழித்து எடுத்திருந்தார். இடுப்பில் செருகியிருந்த அந்தச் சிவப்புத் துண்டைத் தொட்டுக் காட்டினார்.

விதை கைமாறியது. ஐப்பசியில் ராஜாவின் இலையில் இளம் பீர்க்கங்காய் விழுந்தது. தூக்கிய புருவத்தை இனி இறக்கிக்கொள்ளலாம்.