பெயர் தெரியாத மூச்சிரைப்பு

அருளப்பன் நெடுங்காலம் குழந்தை மருத்துவராக இருந்தவர். ஒரு மழைக்காலத்தில் மூச்சிரைப்போடு வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு என்ன நோய் என்றே அவரால் சொல்ல முடியவில்லை. மனசு கேட்காமல் கிளினிக்கை மூடிவிட்டு, வைரஸ் ஆய்வகம் நடத்திய மணிமேகலையிடம் மாணவராகச் சேர்ந்தார். மணிமேகலை அவரைவிட வயதில் இளையவர்.

ஆய்வகத்துக்குக் கீழ்த்தளத்தில் குழந்தைகள் வார்டு. அருளப்பன் தினமும் போய்ச் சளி எடுத்து வருவார். தெரிந்த வைரஸ் ஒவ்வொன்றுக்கும் சோதனை செய்வார். எதுவும் அகப்படாது. ஆக்சிஜன் குழாயோடு கிடந்த இதழினியின் அம்மா செண்பகம் மட்டும் விடாமல் கேட்பாள்.

“என்னன்னு தெரிஞ்சுதுங்களா டாக்டர்?”

“இன்னும் இல்லைம்மா.”

கேட்டுக் கேட்டு அவளும், சொல்லிச் சொல்லி அவரும் ஓய்ந்துபோனார்கள்.

ஒருநாள் கிடைத்தது. யாரும் அவ்வளவாகத் தேடாத ஒரு வைரஸ். இதழினியிடமும் இருந்தது, வார்டில் இன்னும் பல பிள்ளைகளிடமும் இருந்தது. அருளப்பன் நேரே செண்பகத்திடம் ஓடிப்போய்ப் பெயரைச் சொன்னார். அப்புறம்தான் மணிமேகலையிடம் போனார்.

“நல்லா இருக்கிற குழந்தைங்ககிட்ட பாத்தீங்களா சார்?”

“அவங்ககிட்ட எதுக்கு மேடம்?”

“பாத்துட்டு வாங்க.”

முணுமுணுத்துக்கொண்டே பக்கத்துத் தெருப் பள்ளிக்குப் போனார். பெற்றோரிடம் சம்மதம் வாங்கி, ஓடித் திரிந்த பிள்ளைகளை உட்காரவைத்து, மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டார். ஒரு வாண்டு அவர் கையைக் கடித்துவிட்டது.

முடிவு வந்தது. இருமல்கூட இல்லாத அந்தப் பிள்ளைகளிடமும் அதே வைரஸ் அதே அளவுக்கு இருந்தது.

அருளப்பன் நாற்காலியில் சரிந்தார்.

“அந்தம்மாகிட்ட பேரைச் சொல்லிட்டேன் மேடம்.”

“தெரியும் சார்.”

“சொன்ன அன்னிக்குத்தான் அவங்க நிம்மதியாத் தூங்குனாங்க. இப்பப் போய் அது காரணம் இல்லைன்னு எப்படிச் சொல்றது? எதுவா இருந்தாலும் நாம குடுக்கப்போறது அதே ஆக்சிஜன்தான். அந்தப் பேரே இருந்துட்டுப் போகட்டுமே. எனக்கும் முடியலை.”

மணிமேகலை எழுந்து படியிறங்கினார். அருளப்பன் பின்னாலேயே போனார்.

வார்டில் புதிதாக ஒரு குழந்தையைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. நர்ஸ் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

“இவனுக்கு என்னவா இருக்கும் சார்?” என்றார் மணிமேகலை.

அருளப்பன் வாயைத் திறந்தார். பள்ளிப் பிள்ளைகளின் சோதனை முடிவுத் தாள் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. இருந்தும் அந்த வைரஸின் பெயர்தான் முதலில் நாக்கில் வந்து நின்றது.

“அந்தப் பேர்தானே வருது? பேர் இருந்துட்டா அப்புறம் யாரும் தேட மாட்டோம் சார்,” என்றார் மணிமேகலை.

முடிவுத் தாளோடு அருளப்பன், செண்பகம் உட்கார்ந்திருந்த கட்டிலை நோக்கி மெதுவாக நடந்தார்.