கொழுந்து தின்றவர்கள் கூடு கட்டட்டும்

முன்னொரு காலத்தில், அதாவது என் தலையில் முடி இருந்த காலத்தில், ஒரு ராஜாவின் அவையில் குழைக்காதன் என்றொரு விகடகவி இருந்தான். மகா புத்திசாலி என்று ஊரே அவனைப் பேசியது. அப்படிப் பேசச் சொன்னது நான்தான். அந்தக் குழைக்காதனும் நான்தான்.

ஒருநாள் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. "அரண்மனையிலேயே பட்டுப்புழு வளர்த்து ராணிக்குச் சேலை நெய்ய வேண்டும். யாரால் முடியும்?"

பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டை இலைத் தோட்டத்து அதிகாரி ஆராவமுதருக்கு என்மீது நெடுநாள் பொறாமை. "நம் குழைக்காதனால் முடியாததும் உண்டோ, மன்னா?" என்றார். புகழ்கிறார் என்று நம்பிப் பல்லை இளித்தேன்.

"பட்டு வராவிட்டால் உன்னை நாடு கடத்துவேன்" என்றார் ராஜா.

ஆராவமுதர் கூடை கூடையாக இலை அனுப்பினார். எல்லாம் அடிக்கிளையில் பழுத்து, தூசி படிந்தவை. நான்தான் மேதாவியாயிற்றே! அத்தனையையும் கழுவி, நீர் சொட்டச் சொட்டப் போட்டேன். பாதிப் புழு செத்தது. மீதி கட்டிய கூடு வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புழுத்தட்டு துடைக்கும் பொம்மக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன் சாமி, பொடிப்புழுவுக்கு முத்தின எலையா? அதையும் ஈரத்தோட போட்டா வயித்தால போவாதா? கொழுந்து தின்னாத்தானே நல்ல நூலு வரும்!"

"கொழுந்தே வரவில்லையே, தாயி."

"எப்படி வரும்? அதிகாரி வூட்டு ஆடுங்களைப் பாக்கலியா? எல்லாம் கொழுகொழுன்னு நிக்குதே!"

மறுநாள் அவையில் ராஜா என் கூட்டை விரலால் நசுக்கிப் பார்த்தார். "கொழுந்தையெல்லாம் வேறு யாரோ தின்றுவிட்டார்கள், மன்னா" என்றேன். ராஜா கொதித்தார். "என் தோட்டத்துக் கொழுந்தைத் தின்றது எவராயினும் பட்டுத் தந்தே தீர வேண்டும்! தின்றவர்களை இங்கே கொண்டு வா!"

"உத்தரவு, மன்னா" என்று ஓடினேன்.

நான்கு ஆடுகளோடும் நான்கு புழுத்தட்டுகளோடும் திரும்பினேன். தட்டுக்கு ஒன்றாக நிறுத்திவிட்டு, எதிரே கைகட்டி உட்கார்ந்தேன்.

"என்னடா இது?"

"கொழுந்து தின்றவர்கள் இவர்களே, மன்னா. எப்போது கூடு கட்டுவார்களோ என்று காத்திருக்கிறேன். என் புழுக்களுக்குக் கிடைத்தது இதுதான்" என்று ஒரு பழுத்த இலையை நீட்டினேன். "கழுவிக் கொடுத்தது மட்டும் அடியேனின் சொந்த முட்டாள்தனம்."

அதற்குள் ஓர் ஆடு துள்ளி ஓடி, ஆராவமுதரின் மடியில் முகம் புதைத்து, அங்கே முடிந்திருந்த கொழுந்தை இழுத்து மென்றது.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. ஆராவமுதரை ஆடு மேய்க்க அனுப்பினார். அடுத்த முறை புழுக்களுக்கு வேளாவேளைக்குக் கொழுந்து வந்தது, வளர்த்தவள் பொம்மக்கா. கெட்டியான கூடு, நீளமான நூல், ராணிக்குப் பளபளவென்று சேலை.

ராஜா மகிழ்ந்து என் கழுத்தில் முத்துமாலை போட்டார். அக்கணமே அதைக் கழற்றிப் பொம்மக்காவுக்குக் கொடுத்தேன் என்று சொல்லத்தான் ஆசை. அவள் வந்து கையை நீட்டிய பிறகுதான் கொடுத்தேன்.