பூஜையில் வைத்த புத்தகம்

கோபத்தோடுதான் இந்தப் புதிரைப் போடுகிறேன். நீங்களாவது நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

புலவர் வைரவநாதன் கல்லூரி வேலையை உதறிவிட்டுப் பழைய புத்தகக் கடை வைத்தவர். கல்லூரி நூலகத்தில் பூட்டிக் கிடந்த புத்தகங்களைக் கரையான் தின்றதை அவரால் பொறுக்க முடியவில்லை. முப்பது வருடம் ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஒன்பதாயிரம் புத்தகங்களைக் கடைசியில் பல்கலைக்கழகத்துக்குச் சும்மாவே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: யார் வந்து கேட்டாலும் அந்த நிமிடமே கையில் கொடுக்க வேண்டும்.

சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் பல்கலைக்கழக நூலகத்தில் பூஜை. நூலகர் திருமலைச்சாமி, புலவர் கொடுத்த அபூர்வப் புத்தகங்களை அடுக்கி, பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் வைத்திருந்தார். விளக்கேற்றப் புலவரையே அழைத்திருந்தார்.

விளக்கு ஏற்றி முடித்த நேரம் வெள்ளத்தாய் மூச்சிரைக்க வந்து நின்றாள். அவள் ஊர்க் கண்மாயைத் தன் நிலம் என்கிறார் ஒரு செங்கல் சூளைக்காரர். அது ஊர்ப் பொதுக் கண்மாய் என்று அச்சில் சொல்லும் பழைய புத்தகம் அந்த அடுக்கில்தான் இருந்தது. இரண்டு மணிக்குக் கோர்ட்டில் காட்டாவிட்டால் தீர்ப்பு சூளைக்காரருக்கு.

"பூஜையில வச்சதை இன்னிக்குத் தொடக் கூடாதும்மா. லீவு முடிஞ்சு வா" என்றார் நூலகர்.

"லீவு முடிஞ்சு வந்தா கண்மாயே இருக்காதுங்கய்யா."

புலவருக்கு ரத்தம் கொதித்தது. "நான் புத்தகத்தைத்தான்யா குடுத்தேன், சாமி சிலையைக் குடுக்கல! என் நிபந்தனை என்னாச்சு? கூப்பிடு துணைவேந்தரை!"

துணைவேந்தர் வந்தார். நிபந்தனைக் கடிதத்தைத் தேடினார்கள். அரை மணி நேரம் வாய்ச்சண்டை. கோர்ட்டுக்குப் போகப் பன்னிரண்டே கால் பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது.

வெள்ளத்தாய் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. துணியை விலக்கிப் புத்தகத்தை உருவினாள். அடுக்கு சரிந்தது, விளக்கு அணைந்தது.

"திருடி!" என்று நூலகர் கத்தினார்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா!" என்று புலவரும் கத்தினார்.

அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். இப்போது சொல்லுங்கள்: நூலகர், புலவர், வெள்ளத்தாய் மூவரில் யார் செய்தது சரி?

விடை: வெள்ளத்தாய்தான். பஸ்ஸைப் பிடித்தாள், கண்மாய் பிழைத்தது. நூலகர் சாமிக்குப் பயந்தவர், போகட்டும். எனக்குப் புலவர்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. புத்தகம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து நீட்ட ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அந்த அரை மணியும் அவர் தம் நிபந்தனைக்காகத்தான் கத்தினார். கண்மாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.