வெறுங்கழுத்து

சபரிமலைக்கு மாலை போட்ட பத்தொன்பதாம் நாள் தண்டபாணியின் சித்தப்பா இறந்துபோனார்.

பங்காளி வீட்டுத் தீட்டு. மாலையைக் கழற்றியே ஆக வேண்டும். இந்த வருஷம் மலைக்குப் போக முடியாது.

குருசாமி பூபதிக்கு வயது நாற்பத்தொன்று. மோட்டார் காயில் கட்டுகிறவர். மண்டியில் மூட்டை தூக்கும் தண்டபாணிக்கு ஐம்பத்திரண்டு. வயதில் மூத்தவர்தான் தலையைக் குனிந்து நின்றார்.

"சாமி, கழட்டாதீங்க. இது கழுத்துல இருந்தாத்தான் நான் குடிக்க மாட்டேன். போன வருஷம் மலையிலேர்ந்து வந்த அன்னைக்கே இருமுடித் துணியோட சாக்கடையில கிடந்தேன். எம்பொண்ணு வந்துதான் தூக்கினா."

பூபதி மாலையைக் கழற்றினார்.

"இனிமே உங்களை அண்ணேன்னுதான் கூப்பிடணும்," என்றார்.

"இனி எது சாமி என்னை நிறுத்தும்?"

"மாலையில எத்தனை மணி, அண்ணே?"

"நூத்தியெட்டு."

"அதுல எந்த மணி உங்களைத் தினம் விடியக்காலையில எழுப்பிச்சு?"

தண்டபாணி யோசித்தார். "அலாரம்தான் எழுப்பிச்சு."

"மலைக்குத்தான் தீட்டு. அலாரத்துக்கு இல்ல. அஞ்சு மணிக்குக் குளிக்கப் பம்புசெட்டுக்கு வந்துடுங்க. தொட்டிக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான்."

அன்று தண்டபாணியின் மனைவி சோற்றைப் போட்டுத் தட்டை முன்னால் வைத்தாள். பத்தொன்பது நாளாக "சாமி, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டவள். இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் உள்ளே போனாள்.

மறுநாள் மண்டியில் கூட மூட்டை தூக்கும் சேகரன் சிரித்தான். "கழுத்து லேசாயிடுச்சு போல. வாண்ணே, துக்கத்தை ஆத்திக்கலாம்."

தண்டபாணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

மாலையைக் கழற்றிய ஐந்தாம் நாள் அவராகவே மதுக்கடை வாசலுக்குப் போனார். மாலையோடு இருந்தபோது ஒருமுறை அங்கே நின்றிருக்கிறார். "இங்க நிக்காதீங்க சாமி" என்று கடைக்காரரே அனுப்பிவிட்டார். இப்போது அதே ஆள் கேட்டார்:

"என்ன வேணும்?"

காலையில் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் நிற்கப்போகும் முகம் நினைவுக்கு வந்தது. தண்டபாணி திரும்பி நடந்தார்.

விடிந்ததும் அதைச் சொன்னார்.

"அப்புறம்?" என்றார் பூபதி.

"அப்புறம் இங்க வந்துட்டேன்."

"தண்ணி ஜில்லுன்னு இருக்கா?"

"கொல்லுது."

"ஊத்துங்க."

பதினாறு நாள் முடிந்து தீட்டுக் கழிந்தது. தண்டபாணி தொட்டியின் இந்தப் பக்கம் வந்து குளித்தார். நாற்பத்து நான்காம் நாள் குருசாமியும் மற்றவர்களும் இருமுடி கட்டிக்கொண்டு வேனில் புறப்பட்டார்கள். அதன் பிறகு நான்கு நாள், தொட்டியில் தண்டபாணி மட்டும்.

நாற்பத்தெட்டாம் நாள் மாலை வேன் திரும்பியது. பூபதி வாசலில் தேங்காய் உடைத்தார். அவருடைய அம்மா மாலையைக் கழற்றினாள். மற்றவர்கள் அவரவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சிலர் வீட்டுக்கு எதிர்த்திசையில் போனார்கள்.

தண்டபாணி ஓரமாக நின்றார்.

"எனக்கும் இன்னையோட நாப்பத்தெட்டு ஆயிடுச்சு. மாலையும் இல்ல, நாளும் முடிஞ்சுது. போன வருஷம் இந்நேரம் கடையில இருந்தேன். இப்பவும் கால் அங்கதான் இழுக்குது."

பூபதி தன் வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கும் இழுக்கும். பதினெட்டு வருஷமா, கழட்டுற அன்னைக்கெல்லாம்."

தண்டபாணி நிமிர்ந்து பார்த்தார். இது அவருக்குத் தெரியாது.

"என்ன செய்வீங்க?"

"அலாரம் வெப்பேன்."

பூபதி பிரசாதத்தை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். நிலைப்படியில் ஒரு கணம் நின்றார்.

"அஞ்சு மணிக்கு வந்துடுங்க, சாமி."